தேவை எழவில்லை

காப்பியை வாயருகே கொண்டுபோன சுப்புராயன் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து மோந்து பார்த்தார்.

"தில்லை, இதுல என்னா போட்ட?"

"காப்பித்தூள்."

"அது தெரியுது. வேற என்னா போட்ட?"

"பாலு, சக்கர. முப்பத்தாறு வருஷமா அதத்தான் போடுறேன்."

"நாத்தம் அடிக்குது."

"மூக்கத் தொடச்சிட்டு மோந்து பாருங்க" என்றாள் தில்லையம்மாள், கத்திரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுப்புராயன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மோந்தார். சந்தேகம் காப்பியிலிருந்து தண்ணீருக்கு நகர்ந்தது. குடத்தை மோந்தார், மாடித் தொட்டிக்கு ஏறி அதை மோந்தார், கடைசியில் கொல்லைக்குப் போய்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்து மோந்தார். கிணறுதான் நாறியது. கார்த்திகை மழையில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறியிருந்த தண்ணீர், பார்வைக்கு ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது.

அந்தக் கிணற்றில் பாதிதான் சுப்புராயனுடையது. மறு பாதி பக்கத்து வீட்டு ஜோசப்ராஜுடையது. அண்ணாமலை நகர் பக்கம் வயலாக இருந்த இடத்தை இருபது வருஷத்துக்கு முன்னால் மனை போட்டு விற்றபோது, இருவரும் அடுத்தடுத்த மனை வாங்கினார்கள். ஆளுக்கொரு கிணறு எதற்கு என்று எல்லைக்கோட்டின் மேலேயே பொதுவாக ஒன்று தோண்டினார்கள். பிறகு மதில் எழுப்பியபோது அது கிணற்றுக்கு மேலே பாலம்போல ஏறி அந்தப் பக்கம் போனது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மோட்டார், அந்தப் பக்கம் ஒரு மோட்டார்.

ஜோசப்ராஜ் கடலூர் பழைய டவுன்காரர். சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் மனைவி ஆரோக்கிய ராணி வீட்டிலேயே முறுக்கும் மிக்சரும் போட்டு விசேஷ வீடுகளுக்குக் கொடுப்பாள். குடிவந்த அன்றைக்கே அவள் சுப்புராயனை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டதால் ஜோசப்ராஜ் அவருக்கு மச்சானாகிப் போனார். அவர்கள் மகள் ஜோதி மேரிக்கு இவர் மாமா. பிள்ளையில்லாத சுப்புராயன் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போயிருக்கிறார். அவள் நர்சிங் முடித்து, பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவும் வாங்கிவிட்டாள். மார்ச் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அந்த உத்தரவை லேமினேட் செய்துகொண்டு வந்து கொடுத்தவர் சுப்புராயன்தான்.

முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் உட்கார்ந்து சூப்பரண்டாக ஓய்வு பெற்றவர் அவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு சுற்றறிக்கை இருக்கும் என்று நம்புகிறவர். கிணறு நாறியதும் அவருக்கு நினைவு வந்ததும் ஒரு காகிதம்தான். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், காயத்ரி என்ற இளம்பெண் அதிகாரி, வீட்டுப் பழக்கங்களாலேயே ஊர்த் தண்ணீர் கெடுகிறது என்று பேசி, பத்துக் கட்டளை அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தார். ஒன்பதாவது கட்டளையைப் படிக்கும்போது சாம்பார் சாதம் வந்துவிட்டதால் கூட்டம் அத்தோடு முடிந்தது.

சுப்புராயன் தாளை எடுத்து, சிவப்புப் பேனாவோடு வீட்டைத் தணிக்கை செய்ய உட்கார்ந்தார்.

"பொரிச்ச எண்ணெய சிங்க்ல ஊத்துறியா?"

"பின்ன தலைக்கா தேய்ப்பாங்க?"

"சோப்புத்தூளு?"

"போடுறேன்."

"காலாவதியான மாத்திர?"

"அது உங்களுது. நீங்கதான் கக்கூஸ்ல போட்டுத் தண்ணிய ஊத்துனீங்க."

கடைசி பதிலை அவர் குறித்துக்கொள்ளவில்லை. பத்தாவது கட்டளை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொன்னது. அதைப் படித்ததும் சுப்புராயன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

அந்த டேங்க் அவருடைய பெருமை. கட்டியபோதே மேஸ்திரி ராஜமாணிக்கம், "இது உங்க ஆயுசுக்கும் ரொம்பாது சார்" என்று சொல்லியிருந்தார். சுப்புராயன் புதுமனை புகுவிழாவில் மேஸ்திரிக்குக் கரைவேட்டி கட்டிவிட்டார். மேஸ்திரி சொன்ன சொல் இன்றுவரை பொய்க்கவில்லை. ஜோசப்ராஜ் வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வந்து நிற்கும்போதெல்லாம் சுப்புராயன் மூக்கைப் பொத்திக்கொண்டு மதில்மேல் எட்டிப் பார்ப்பார். "என்னா மச்சான், உங்க வூட்ல சாப்பாடு ஜாஸ்தியா? எங்களுது கட்டுனதுலேருந்து ரொம்புனதே இல்ல. எல்லாம் வாழுற மொறையில இருக்கு." ஜோசப்ராஜ் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆகவே பத்தாவது கட்டளைக்கு எதிரே, ஆபீஸ் பாஷையில், "தேவை எழவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற ஒன்பதும் மறுநாள் காலையிலிருந்து அமலுக்கு வந்தன. சோப்புத்தூள் ஒழிந்தது. துணிக்குப் பூந்திக்கொட்டை, பாத்திரத்துக்குச் சாம்பல். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கசக்கி, வடிகட்டி, தில்லையம்மாளுக்குப் பாதி நாள் அதிலேயே போனது. வேட்டியெல்லாம் சேற்றில் விழுந்து எழுந்த கலருக்கு வந்தது. பொரித்த எண்ணெயைச் சின்னச் சின்ன கேன்களில் ஊற்றி, தேதி போட்டு, "அப்பளம்", "வடை", "வாழைக்காய்" என்று சீட்டு ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார். பழைய மாத்திரைகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டினார். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்தும் கிணறு நாறியது. முன்னைவிடக் கொஞ்சம் கூடவே.

"நம்ம வூடு சுத்தம்" என்றார் சுப்புராயன். "அப்ப தப்பு எங்க இருக்கு?"

"எனக்கு எப்புடித் தெரியும்?"

"மதிலுக்கு அந்தாண்ட இருக்கு."

"எப்பப் பாத்தாலும் உங்களுக்கு மதிலுக்கு அந்தாண்டதான்" என்றாள் தில்லையம்மாள். அவள் கைகள் சாம்பலில் வெந்துபோயிருந்தன.

சுப்புராயன் நோட்டுப் புத்தகத்தோடு ஆரோக்கிய ராணியின் அடுப்படிக்குப் போனார். இரும்புச் சட்டியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, மிச்ச எண்ணெய எங்க ஊத்துற?"

"ஊத்துறதே இல்லண்ணே. டின்ல சேத்து வச்சி சோப்பு காய்ச்சறவருகிட்ட குடுத்துடுறேன். பண்ருட்டிலேருந்து மாசாமாசம் வர்றாரு. ஏண்ணே?"

'மறுக்கிறார்' என்று சுப்புராயன் நோட்டில் எழுதினார். அவள் எடுத்துக் கொடுத்த சூடான முறுக்கு இரண்டைத் தின்றுகொண்டே எழுதினார்.

ஜோதி மேரி உள்ளிருந்து வந்தாள். "மாமா, தண்ணி நாறுதுன்னு அத்த சொன்னாங்க. ஒரு பாட்டில்ல புடிச்சிக் குடுங்க, டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். அதுவரைக்கும் கொதிக்க வச்சிக் குடிங்க. நாங்களும் இன்னையிலேருந்து கொதிக்க வைக்கப் போறோம்."

"கொதிக்க வச்சா தண்ணியில சத்து போயிடும்மா."

"என்னா சத்து மாமா அதுல இருக்கு?"

"ஒனக்குத் தெரியாது. இருவது வருஷமா இந்தக் கெணத்துத் தண்ணிதான். எனக்கு என்னா கொறச்சல்?"

குறைச்சல் இருந்தது. இருபது வருஷமாக அவருக்கு வயிறு சரியில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கடாமுடா என்று உருட்டும். அதைத் தில்லையம்மாளின் புளிக்குழம்புக் கணக்கில் எழுதி முடித்திருந்தார்.

டெஸ்டுக்கெல்லாம் அவர் அனுப்பவில்லை. ஒரு முழுப் பொட்டலம் பிளீச்சிங் பவுடரை வாங்கி வந்து கிணற்றில் கொட்டினார். எவ்வளவு போட வேண்டும் என்று தாளில் இல்லை. இல்லாத இடத்தில் தாராளமாக இருப்பது அவர் சுபாவம். சாயங்காலமே இரண்டு விரால் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கொசு வராமலிருக்க ஜோதி மேரி ஏழாவது படிக்கும்போது கொண்டுவந்து விட்ட மீன்கள் அவை. மறுநாள் ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் போன ஆரோக்கிய ராணியின் முறுக்கு அப்படியே தூக்கோடு திரும்பி வந்தது.

"கடிச்சா ஆஸ்பத்திரி வாசன வருதாம்ண்ணே" என்றாள் ராணி. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சுப்புராயனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அதான் உன் எண்ணெ எவ்வளவு ஊறியிருக்குன்னு பாத்துக்க. மருந்து போட்டும் வுடல."

பிளீச்சிங் வாசனை போனதும் பழைய நாற்றம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் கிணற்றை இறைத்துத் தூர் வாருவது என்று முடிவாயிற்று. ஜோசப்ராஜ் கடையை மூடிவிட்டு வந்து இரண்டு மோட்டாரையும் இரண்டு நாள் ஓட்டினார். தண்ணீர் தெருவில் ஓடி நாலு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடியில் ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு செருப்பு, ஜோதி மேரி சின்ன வயசில் தொலைத்த பந்து எல்லாம் கிடைத்தன. எண்ணெய் மட்டும் கிடைக்கவில்லை.

ஜோசப்ராஜ் கிணற்றுக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஊத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாத்தியா? உன் பக்கத்துலேருந்துதான் ஜாஸ்தி வருது."

"வராம பின்ன?" என்றார் சுப்புராயன் மார்பை நிமிர்த்திக்கொண்டு. "நம்ம பக்கத்து ஊத்து அப்புடி. கோடையிலயும் நிக்காது."

கிணறு ஒரு வாரத்தில் நிறைந்தது. காலியான கிணறு சுற்றுப்பட்டிலிருந்ததையெல்லாம் ஆசையாக இழுத்துக்கொண்டது போலிருக்கிறது. இந்தத் தடவை நாற்றம் தெருமுனை வரை வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையைச் சொல்லிச் சொல்லித் தெருக்காரர்கள் சிரித்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஜோதி மேரி படுத்துவிட்டாள். குடிக்கிற தண்ணீரைத்தான் கொதிக்க வைத்தார்கள், வாய் கொப்பளித்தது கிணற்றுத் தண்ணீரில்தான். முதலில் காய்ச்சல், பிறகு வாந்தி. நாலாம் நாள் கண்ணிரண்டும் மஞ்சள் உருண்டையாக இருந்தன. மஞ்சள் காமாலை, ஒரு மாதம் நகரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஜோசப்ராஜ் போன் செய்தார். அவர்கள் பத்து நாள் பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். லேமினேட் செய்த உத்தரவு அலமாரியில் அப்படியே இருந்தது.

அந்தப் பெண் கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்த அன்றைக்குச் சுப்புராயன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெற்ற பெண்ணாக இருந்தாலும் அதைவிட அழுதிருக்க மாட்டார். மறுநாளிலிருந்து விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து, தானே அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, கெட்டியாக இருந்தால் பெண்ணுக்கு இறங்காதே என்று கிணற்றுத் தண்ணீர் அரை டம்ளர் விட்டு நீர்க்கச் செய்து கொண்டுபோவார்.

"காச்சின தண்ணிதான மாமா?"

"மாமா உனக்குக் கெடுதல் செய்வனா? குடிம்மா."

நர்சிங் படித்த பெண் அதற்கு மேல் கேட்கவில்லை. மாமா கொடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஒரு மாதத்தில் எழுந்திருக்க வேண்டியவள் ஒன்றரை மாதம் படுத்திருந்தாள்.

அழுகை அடங்கியதும் சுப்புராயனுக்குக் கோபம் வந்தது. ஒரு காலை, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அடுப்படி வாசலில் நின்றார்.

"தங்கச்சி, சொல்றனேன்னு நெனச்சுக்காத. உன் எண்ணெச் சட்டிதான் உன் பொண்ணப் படுக்க வச்சிது."

ஆரோக்கிய ராணி கையிலிருந்த முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள். ஜோசப்ராஜ்தான் எழுந்து வந்தார்.

"மச்சான், நீ வூட்டுக்குப் போ."

"உண்மையச் சொன்னா..."

"போன்னு சொல்றேன்."

இருபது வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. சுப்புராயனுக்கு அவமானம் பொறுக்கவில்லை. அவமானப்பட்ட சூப்பரண்டு வேறென்ன செய்வார்? நகராட்சிக்கு மனு எழுதினார். குடியிருப்புப் பகுதியில் எண்ணெய்ப் பலகாரம் தயாரிப்பதால் பொதுக்கிணறு மாசடைவது குறித்து, பார்வை ஒன்று, பார்வை இரண்டு, இணைப்பு பத்துக் கட்டளை நகல். அங்கிருந்து யாரோ ஒருவர் வந்து பார்த்தார். விசாரணை முடியும்வரை வியாபாரத்துக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்று ராணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நகர் நலச்சங்கம் அந்த மாதமே சுப்புராயனுக்கு 'நீர்க் காவலர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது. காயத்ரி நேரில் வந்து, சீட்டு ஒட்டிய எண்ணெய் கேன்களை எண்ணி ஆச்சரியப்பட்டு, அவரைக் கிணற்றடியில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"பத்தாவதுக்கு 'தேவை எழவில்லை'ன்னு போட்டிருக்கீங்களே சார்?"

"எங்களுது ரொம்பாதும்மா. வேலப்பாடு அப்புடி. உக்காருங்க, ஒரு டம்ளர் கெணத்துத் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

"பாட்டில் வச்சிருக்கேன் சார்" என்று அவர் அவசரமாக வண்டியில் ஏறினார்.

சித்திரை பிறந்ததும் ஜோசப்ராஜ் ஒரு மினி லாரி கொண்டுவந்து நிறுத்தினார். கடலூரில் அண்ணன் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம். அடுப்பு இல்லாத இடத்தில் ராணி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்? ஜோதி மேரி கதவுவரை வந்து, மதிலுக்கு மேலே எட்டி, "வர்றேன் அத்த" என்று தில்லையம்மாளிடம் சொன்னாள். சுப்புராயன் மாடியில் நின்று தொட்டியில் தண்ணீர் பார்க்கிறவர்போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் "மாமா" என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது. திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

லாரி போனபிறகு இறங்கிவந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

"இனிமே கெணறு சரியாயிடும்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஆவட்டும்" என்றாள் தில்லையம்மாள். "குடிக்கறதுக்குத்தான் ஆளு இல்ல."

மூன்று வாரம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை, மனிதர்களே இல்லை. கிணறு முன்போலவே நாறியது. சுப்புராயனின் வயிறும் முன்போலவே உருட்டியது. தில்லையம்மாள் அவரிடம் சொல்லாமல் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தெரிந்த பெண் மூலமாகப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சுப்புராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை. மனித மலத்திலிருந்து வரும் கிருமி, எண்ண முடியாத அளவுக்கு.

கைச்சோற்றைத் தட்டில் உதறினார். பிறகு முகம் தெளிந்தது.

"தில்லை, புடிச்சிட்டேன். இது எண்ணெ இல்ல. அவன் டேங்க்கு."

"எவன்?"

"ஜோசப்ராஜ். மூணு வருஷத்துக்கொரு தடவ ரொம்பி வழியுற டேங்க்குதான கசியும்? ரொம்பவே ரொம்பாத டேங்க்கு எப்புடிக் கசியும்? நீயே சொல்லு."

தில்லையம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுப்புராயன் அப்போதே போனை எடுத்தார்.

"மச்சான், லேப் ரிப்போர்ட் வந்திருக்கு. உன் டேங்க்கத் தொறந்து பாக்கணும். லாரிக்குச் சொல்லிட்டேன்."

"சாவி எங்கிட்ட இருக்கு" என்றார் ஜோசப்ராஜ். "நானே வர்றேன்."

வியாழக்கிழமை காலை கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூட ஜோதி மேரியும் வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், கண்ணில் மஞ்சள் போயிருந்தது. கையில் ஒரு தூக்கு. "அம்மா அத்தைக்கு முறுக்கு குடுத்தாங்க" என்று தில்லையம்மாளிடம் நீட்டினாள். சுப்புராயனைப் பார்த்து, "ஒடம்பு எப்புடியிருக்கு மாமா?" என்றாள். அவர் லாரியைப் பார்க்கப் போனார்.

லாரியோடு வந்தவர் பெயர் அருள்முருகன். நடுவயசுக்காரர். சிதம்பரத்திலும் கடலூரிலும் திறக்காத டேங்க் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. யாரையும் கேட்காமல் ஜோசப்ராஜ் டேங்க்கின் மூடியை நெம்பி, குழாயை விட்டு உறிஞ்சி, ஒரு நீளமான இரும்புக் கம்பியை மேலிருந்தபடியே உள்ளே விட்டுத் தட்டினார். டங், டங் என்று கேட்டது. நாலு மூலையும் தட்டினார். டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார்.

"எங்க கசியுது?" என்றார் சுப்புராயன்.

"கசியறதுக்கு எடமே இல்லியே சார். நாலு பக்கமும் பூச்சு, அடியில கான்கிரீட்டு. டயத்துக்கு டயம் எடுத்திருக்காங்க. பக்காவான டேங்க்கு."

"நல்லாப் பாருய்யா."

"பாத்துட்டேன் சார்."

சுப்புராயன் ஜோசப்ராஜின் முகத்தைப் பார்த்தார். ஜெயித்த மனிதர் முகமாகக்கூட அது இல்லை. ஜோசப்ராஜ் மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு சுப்புராயனை என்னமோ செய்தது. இருபது வருஷத்துப் பெருமையில் ஒரு கையளவாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

"பக்கா என்னாய்யா பக்கா" என்றார். "மூணு வருஷத்துல ரொம்புறது ஒரு டேங்க்கா? இங்க வா. என்னோடதத் தொறந்து பாரு. கட்டி இருவது வருஷம். ஒரு தடவ லாரி வந்ததில்ல. டேங்க்குன்னா இதுதான் டேங்க்கு. மச்சான், நீயும் வந்து பாரு. வாம்மா ஜோதி."

எல்லோரும் வந்தார்கள். தில்லையம்மாள் தூக்கோடு வாசற்படியில் நின்றாள். மூடி கிணற்றிலிருந்து எட்டடி தூரத்தில், வாழைக்குப் பக்கத்தில் இருந்தது. இருபது வருஷமாகத் திறக்காத மூடி. அருள்முருகன் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். உறிஞ்சுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" என்றார் சுப்புராயன். "தட்டிப் பாரு."

அருள்முருகன் கம்பியை உள்ளே விட்டார். டங் என்று கேட்கவில்லை. கம்பி இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், இன்னும் இறங்கியது. நாலு முழம் போனபிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். கிணற்றடியில் ஆணி அடித்து மாட்டியிருந்த 'நீர்க் காவலர்' சான்றிதழைப் பார்த்தார். அவர்களுக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"சார், இதுக்குத் தரையே போடல, அதான் ரொம்பல, அந்தக் கெணத்துத் தண்ணிய யாரும் குடிச்சிடலையே?"